டிஸ்னிலாண்ட் சொக்லேட் பேணி யாழ்ப்பாணம் வந்தது

சுற்றுலா போன இடத்தில் வாங்கிவரும் இனிப்பை நாக்கை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது என்பது என் கட்சி. எவ்வளவு தூரம் கெடாமல் வருகிறது, எத்தனை பேருக்குப் பங்கு போகிறது, கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் அதை வைத்துக்கொண்டு என்ன பேசுகிறார்கள், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இந்த முறை நல்லூர்த் திருவிழா நேரம் எங்கள் வீட்டுக்கு டோக்கியோ டிஸ்னிலாண்டிலிருந்து ஒரு சொக்லேட் பேணி வந்தது. சொக்லேட் கிரஞ்ச் என்று சொல்லும் வகை. பொரித்த தானியத்தைச் சொக்லேட்டில் கலந்து சின்னச் சின்னக் கட்டிகளாக வார்த்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக உறையிலிட்டு, படம் போட்ட தகரப் பேணிக்குள் அடுக்கியிருப்பார்கள். பல ஆண்டுகளாக அங்கே விற்பனையாகும் பண்டம்.

கொண்டு வந்தவன் என் சின்னம்மாவின் மகன், யப்பானில் வேலை செய்பவன். கொடியேற்றத்திலிருந்து 25 நாட்களும் யாழ்ப்பாணம் வெளிநாட்டுச் சனத்தால் நிறைந்திருக்கும். அவர்களோடு வெளிநாட்டு இனிப்பும் வந்து இறங்கும். லண்டன்காரர் குவாலிட்டி ஸ்ட்ரீட், சுவிஸ்காரர் டொப்ளரோன், கனடாக்காரர் மேப்பிள் இலை வடிவப் பிஸ்கற் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முகம் உண்டு. இவற்றில் பாதி இப்போது கொழும்புக் கடைகளிலேயே கிடைக்கிறது. அதனால் சூட்கேஸ் திறக்கும்போது முன்பு எங்களுக்கு இருந்த பரபரப்பு இப்போதைய பிள்ளைகளுக்கு இல்லை. இந்தப் பேணியைச் சுற்றி மட்டும் வீட்டிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். மூடியில் சிண்டரெல்லா கோட்டை, அதன் முன்னால் மிக்கி. "மாமா, நீங்கள் உண்மையா உதுக்குள்ள போனனீங்களோ?" என்பதுதான் முதல் கேள்வி. இனிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. போன இடத்தைப் பற்றிப் பேச வைப்பதுதான் இந்த வகைப் பண்டத்தின் முதல் வேலை என்றால், மூடி திறக்க முன்பே அது அந்த வேலையைச் செய்துவிட்டது.

டோக்கியோ டிஸ்னிலாண்ட் உண்மையில் டோக்கியோ நகரத்துக்குள் இல்லை. பக்கத்துச் சிபா மாகாணத்தில், உரயாசு என்ற ஊரில், கடலை நிரவி எடுத்த நிலத்தில் இருக்கிறது. 1983 ஏப்ரல் 15இல் திறந்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதலாவது டிஸ்னி பூங்கா அதுதான். பக்கத்திலேயே டிஸ்னிசீ என்ற இரண்டாவது பூங்காவை 2001 செப்டெம்பரில் திறந்தார்கள். இரண்டையும் நடத்துவது டிஸ்னி நிறுவனம் அல்ல. அதனிடம் உரிமம் பெற்ற ஓரியன்டல் லாண்ட் என்ற யப்பானிய நிறுவனம். எங்கள் பேணிக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன். பொம்மையும் தொப்பியும் உலகத்தில் எந்தப் பூங்காவிலும் விற்கும். ஊருக்குக் கொண்டுபோய்ப் பங்கு போடுவதற்கென்றே செய்த இனிப்பு இத்தனை வகை இருப்பதற்கு, நடத்துகிறவர்களும் வாங்குகிறவர்களும் யப்பானியர்களாக இருப்பதுதான் காரணம்.

வாயிலால் உள்ளே போனதும் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு கடைத்தெரு வரும். அதன் பெயர் வேர்ல்ட் பஸார். அங்கே இனிப்புக்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன. வெளியே மைஹாமா ரயில் நிலையத்தடியில் பொன் வொயாஜ் என்று இன்னொரு பெரிய கடை. பயணப் பெட்டி வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். அதற்குள் போக நுழைவுச்சீட்டுத் தேவையில்லை. "ராத்திரி ரயிலிலை பாத்தீங்களெண்டா அக்கா, எல்லாற்றை கையிலையும் ஒரு பை. பைக்குள்ள இப்பிடிப் பேணியள். எல்லாம் நாளைக்கு வேலையிடத்திலை குடுக்கிறதுக்கு" என்றான் தம்பி.

வேலையிடத்தில் கொடுப்பது அங்கே கிட்டத்தட்டக் கடமை. லீவு எடுத்து எங்காவது போய்வந்தால், அந்த இடத்தின் பெயர் போட்ட ஒரு பெட்டி இனிப்பு வாங்கிவந்து கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஒமியாகே என்பார்கள். இந்தப் பழக்கம் வேரூன்றியது கோயில் யாத்திரையில். எடோ காலத்தில், அதாவது 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை, இசே என்ற இடத்திலுள்ள பெருங்கோயிலுக்கு நாடு முழுவதிலிருந்தும் சனம் போனது. எல்லோராலும் போக முடியாது. செலவு அதிகம், நடந்து போகும் தூரமும் அதிகம். ஆகவே ஒரு கிராமத்தில் பலர் சேர்ந்து, எங்கள் ஊரில் சீட்டுப் பிடிப்பது போல, காசு போட்டுவந்து, குலுக்கலில் பெயர் விழுந்தவரை எல்லோருக்குமாக அனுப்பிவைப்பார்கள். மற்றவர்களின் காசில் போனவர் வெறுங்கையோடு திரும்ப முடியுமா? கோயில் காப்பும் அந்த ஊர்ப் பொருளும் வாங்கிவந்து, காசு போட்ட ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும்.

இசேயில் அக்காஃபுக்கு என்ற இனிப்பை 1707 முதல் விற்கிறார்கள். பிசுபிசுத்த அரிசிமா உருண்டைக்கு மேல் இனிப்புப் பயற்றுக் களி பூசியது. ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. நடந்து போன காலத்தில் அதை அங்கேயே சாப்பிடத்தான் முடியும். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ரயில் வந்த பிறகுதான் ஓர் ஊரின் இனிப்பு இன்னோர் ஊருக்குப் பழுதாகாமல் போய்ச் சேரத் தொடங்கியது. எங்களுக்கும் அப்படித்தானே. வடக்கு ரயில் பாதை 1905இல் முழுதாகப் பூர்த்தியானது. கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள் லீவு முடிந்து திரும்பும்போது பயற்றம் பணியாரமும் முறுக்கும் அரியதரமும் பெட்டியில் ஏறியது ரயில் இருந்ததால்தான்.

யாத்திரை, போகாதவருக்குப் பங்கு என்று இதை வாசித்தபோது எனக்குக் கச்சான்தான் ஞாபகம் வந்தது. திருவிழாவுக்குப் போய்விட்டு வீட்டு வாசலில் கால் வைத்ததும், போகாமல் இருந்தவர் கேட்கும் கேள்வி "கச்சான் எங்கே?" என்பதுதான். சுவாமி எப்படி வந்தார், சனம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நல்லூரில் வீதி நீளத்துக்குக் கச்சான் கடை. மணலில் வறுத்த கச்சான், சீனிப்பாகு பூசிய கச்சான், கச்சான் அல்வா, எள்ளுப்பாகு, தும்பு முட்டாசு. அதே கச்சான் யாழ்ப்பாணப் பட்டினத்தில் வருடம் முழுவதும் கிடைக்கும். இருந்தாலும் திருவிழாவில் வாங்கியதுக்கு ஒரு மதிப்பு. டிஸ்னிலாண்ட் பேணியை யப்பானியர் ஏன் அப்படி வாங்குகிறார்கள் என்று யாழ்ப்பாணத்துக்காரருக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை.

இனிப் பேணிக்கு வருகிறேன்.

தகரம் கனமானது, மூடி இறுக்கம். அச்சு மிகத் துல்லியம். கோட்டையின் சின்ன யன்னல்கள் வரை தெரிகிறது. யப்பானில் இந்தப் படங்கள் காலத்துக்குக் காலம் மாறும். ஹலோவீனுக்கு ஒன்று, நத்தாருக்கு ஒன்று, 2023இல் பூங்காவின் 40ஆவது ஆண்டு வந்தபோது அதற்கு வேறு. சிலர் பேணியைச் சேர்ப்பதற்காகவே வாங்குகிறார்களாம். எங்கள் பேணியைப் பெரியம்மா முற்பதிவு செய்துவிட்டா. இப்போது அது சுவாமி அறையில் கற்பூரப் பேணியாக இருக்கிறது. கற்பூரம் காற்றுப் பட்டால் கரைந்துபோகும், அதற்கு இறுக்கமான மூடிதான் வேண்டும். எங்கள் பக்கம் உப்புக்காற்று என்பதால் இரண்டு மழைக்காலம் போனால் தகரத்தின் விளிம்பில் கறள் பிடிக்கும். ஒரு துளி தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டு விளிம்பைத் துடைத்து வைத்தால் கனகாலம் இருக்கும்.

பெரியம்மா திருவிழா முடியும்வரை விரதம். பேணியைக் கண்டதும் கேட்டது: "உதுக்குள்ள முட்டை கிடக்கோ பிள்ளை?" நியாயமான கேள்வி. பெட்டியில் எழுதியிருப்பது முழுவதும் யப்பானிய மொழி. இந்தியப் பொருட்களில் இருப்பது போல மரக்கறிக்குப் பச்சைப் புள்ளி அங்கே கிடையாது. ஆனால் ஒவ்வாமைக்கான அறிவிப்புச் சட்டப்படி இருக்க வேண்டும். முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, பக்வீட் என்ற தானியம், நிலக்கடலை, வால்நட் போன்ற பொருட்களில் எது இருந்தாலும் கட்டாயம் எழுதியாக வேண்டும். ஆகவே முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். கைபேசியின் கமெராவைப் பிடித்தால் மொழிபெயர்த்துக் காட்டும். எங்கள் பேணியில் பாலும் கோதுமையும் சோயாவும் இருந்தன, முட்டை இல்லை. இது பேணிக்குப் பேணி மாறும், ஒவ்வொரு முறையும் பார்க்கத்தான் வேண்டும். ஜெலற்றின், மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி எல்லாம் வேறொரு பட்டியலில் வருகின்றன. அதிலுள்ளவற்றை எழுதும்படி பரிந்துரைதான் செய்திருக்கிறார்கள், கட்டாயமில்லை. எழுதவில்லை என்பதால் இல்லை என்று முடிவெடுக்க முடியாது. கடும் சைவமாக இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நான் இதெல்லாம் விளக்கி முடிய, பெரியம்மா "சரி, தீர்த்தம் முடியட்டும்" என்று தன் பங்கை எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டா.

திகதியையும் கவனியுங்கள். அங்கே ஆண்டு முதலில், பிறகு மாதம், கடைசியில் நாள். எங்கள் கண்ணுக்குப் பழகிய ஒழுங்குக்கு நேர்மாறு. 25.11.03 என்று இருந்தால் அது 2025 நவம்பர் 3. திகதி இரண்டு வகை இருக்கும். ஒன்று அதற்குப் பிறகு சாப்பிடவே கூடாது என்பது. சோற்றுப் பெட்டி, பச்சைக் கிறீம் போட்ட கேக் போன்றவற்றுக்கு. மற்றது அதுவரை ருசி குறையாது என்பது. சொக்லேட், பிஸ்கற் எல்லாம் இந்த வகை. யப்பானியர் இந்தத் திகதியை எவ்வளவு பெரிதாக எடுக்கிறார்கள் என்பதற்கு 2007இல் நடந்ததைச் சொல்லலாம். ஹொக்கைடோவின் அடையாளமான ஷிரோய் கொய்பித்தோ என்ற வெள்ளைச் சொக்லேட் பிஸ்கற்றின் திகதியை அதைச் செய்யும் இஷியா நிறுவனம் மாற்றி ஒட்டியது அந்த ஆண்டு ஓகஸ்டில் வெளியே வந்தது. ஒக்டோபரில் அக்காஃபுக்குவின் முறை. முந்நூறு வருடப் பெயர். இரண்டும் விற்பனையை நிறுத்தி, நாட்டிடம் மன்னிப்புக் கேட்டு, ஒழுங்குகளை மாற்றிய பிறகுதான் மறுபடி கடைக்கு வந்தன. பரிசாகக் கொடுக்கும் பண்டம் என்றபடியால் கோபம் இரட்டிப்பாக இருந்திருக்கும். நான் நம்பி இன்னொருவருக்குக் கொடுத்தேனே என்ற கோபம் அது.

ருசி. கடித்ததும் முதலில் கேட்பது சத்தம். மொறுமொறுப்பு நன்றாக இருக்கிறது, எங்கள் ஈரக்காற்றிலும். தானியப் பொரியைச் சுற்றிக் கொழுப்பு மூடியிருப்பதால் ஈரம் உள்ளே போகப் பிந்தும். சொக்லேட் பால்ச் சொக்லேட். கொக்கோ வாசத்தை விடப் பால்மா வாசம் முன்னுக்கு நிற்கிறது. கசப்பு ஏறக்குறைய இல்லை. இனிப்பு என் நாக்குக்குக் கொஞ்சம் கூட. பிள்ளைகளுக்குச் சரியாக இருந்தது. வாயில் அதிக நேரம் நிற்காது, இரண்டு மூன்று கடியில் முடிந்துவிடும், பின்ருசி என்று ஒன்றும் தங்காது. வெறுந்தேத்தண்ணியோடு சாப்பிட்டால் மிகப் பொருத்தம். அதுவும் சீனி போடாத சாயம் கூடிய தேத்தண்ணி. பால் தேத்தண்ணியோடு வேண்டாம். சொக்லேட்டாக மட்டும் மதிப்பிட்டால் நடுத்தரம் என்பேன். கண்டோஸ் சாப்பிட்டு வளர்ந்த ஒருவருக்கு இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. மறுபடி ஒன்று எடுக்கச் சொல்வது அந்த மொறுமொறுப்புத்தான்.

வெக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆவணியில் யாழ்ப்பாணத்தில் மத்தியானம் 32, 33 பாகை சர்வசாதாரணம். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் வரும் ஏழெட்டு மணித்தியாலத்தில், நிறுத்தி நிறுத்திச் சாப்பிடும் இடங்களில், பூட்டிய வானுக்குள் அதைவிடக் கூட. கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான பளிங்கு அமைப்பில் உறையும். சொக்லேட் செய்கிறவர்கள் பாடுபட்டுக் கொண்டுவருவது அதில் ஐந்தாவதை. மினுமினுப்பும், உடைக்கும்போது 'டக்' என்ற சத்தமும் அதனால்தான் வருகின்றன. அது உருகுவது 34 பாகை அளவில். பால்ச் சொக்லேட்டில் பால் கொழுப்பும் சேர்வதால் அதற்கும் கீழேயே இளகிவிடும். இளகி, இரவில் தன் பாட்டில் மறுபடி உறையும்போது பழைய ஒழுங்கு வராது; கொழுப்பு மேலே வந்து வெள்ளைப் படலமாகப் படியும். எங்கள் பேணியிலும் அடித்தட்டில் சில அப்படி இருந்தன. பெரியம்மா பார்த்துவிட்டு "பூஞ்சணம் பிடிச்சிட்டுது, எறி" என்றா. அது பூஞ்சணம் இல்லை. சாப்பிடலாம், உடம்புக்கு ஒன்றும் செய்யாது, வாயில் மட்டும் கொஞ்சம் மாப்போல இருக்கும். வெளிநாட்டுச் சொக்லேட் எவ்வளவு இந்த வெள்ளையைக் கண்டு குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனவருத்தம்.

பிரிட்ஜில் வைப்பவர்களுக்கும் ஒரு சொல். பேணியை அப்படியே வைத்து, வேண்டியபோது எடுத்து உடனே திறந்தால் குளிர்ந்த சொக்லேட்டில் எங்கள் ஈரக்காற்று பட்டு வேர்க்கும். அந்த நீரில் சீனி கரைந்து, காய்ந்ததும் மேலே சரசரவென்று படியும். இதுவும் வெள்ளைதான், முந்தியதை விட மோசம். காற்றுப் புகாத பெட்டிக்குள் போட்டு வைத்து, வெளியே எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காமல் இருங்கள். பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இவ்வளவு வெக்கை பட்டும் ஒரு கட்டிகூட உருக்குலையவில்லை என்பதை இந்தப் பண்டத்தின் கெட்டித்தனமாகவே எடுக்கிறேன். சொக்லேட் இளகினாலும் உள்ளே பொரி தாங்கிப் பிடிக்கிறது. தனி உறை இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டவும் இல்லை. அதே பயணத்தில் வந்த வெறும் சொக்லேட் பார் ஒன்று உறைக்குள்ளேயே வளைந்து போயிருந்தது.

மிச்சப் பேணியை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். இந்தப் பண்டத்தின் உண்மையான பரீட்சை அங்கேதான் நடந்தது. பத்து மணித் தேத்தண்ணிக்குப் பேணியை மேசைக்கு மேசை அனுப்பினோம். வழக்கமாக வெளிநாட்டுச் சொக்லேட் வந்தால் பெரிய பாரை ஒருவர் கையால் முறிப்பார். ஒருவருக்குப் பெரிய துண்டு, ஒருவருக்குத் தூள். வாங்கியதை அந்த இடத்திலேயே சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் கையில் உருகும். விரதக்காரர் "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல வேண்டும், சீனி வருத்தக்காரர் சங்கடத்தோடு சிரிக்க வேண்டும். இங்கே எல்லோருக்கும் ஒரே அளவு. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உடனே சாப்பிட்டவர்கள் அரைவாசிப் பேர். மற்றவர்கள் கைப்பைக்குள் வைத்தார்கள். சீனி வருத்தம் உள்ள ஐயா தன் பேத்திக்கென்று சட்டைப் பைக்குள் போட்டார். கந்தோருக்குப் பிந்தி வந்த பிள்ளைக்கு மேசையில் ஒன்று காத்திருந்தது. வாசலில் நிற்கும் காவலாளி அண்ணை தன்னுடையதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மகள் இந்தப் படத்தைக் கண்டால் சந்தோசப்படுவாள் தங்கச்சி" என்று உறையோடு வைத்துக்கொண்டார். பின்னேரம் ஒருவர் வீட்டில், இரவு இன்னொருவர் வீட்டில் என்று, நாங்கள் கண்டிராத பிள்ளைகள் வரை அது போய்ச் சேர்ந்தது. வாங்கியவரை மறுபடி கொடுப்பவராக்குவது அந்தச் சின்ன உறைதான். இதற்காகவே இந்தப் பேணிக்கு நான் அதிக புள்ளி போடுகிறேன். ருசிக்குப் போட்டதை விட எவ்வளவோ கூட.

ஆனால் அந்த உறைகள் எல்லாம் பிளாஸ்ரிக். அன்று பின்னேரம் அலுவலகக் குப்பைக் கூடையில் கிடந்த மினுங்கும் தாள்களைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பூங்காவில் குப்பையை உடனே அள்ளிவிடுவார்கள்; எங்கள் ஊரில் அது வேலியோரம் போய், வாய்க்காலுக்குப் போய், மாரியில் கடலுக்குப் போகும். தனித்தனியாகப் பொதி செய்வதும் வேண்டும், பிளாஸ்ரிக்கும் வேண்டாம் என்றால் என்ன செய்வது?

இதற்கு விடை யாழ்ப்பாணத்தில் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது. குட்டான். பனையோலையில் பின்னிய அந்தச் சின்னக் கூடுக்குள் சுடச்சுடப் பனம்பாகை ஊற்றி உறைய விட்ட பனங்கட்டி. ஒன்று ஒருவருக்கு. உறையும் மரத்திலிருந்து, உள்ளே இருப்பதும் அதே மரத்திலிருந்து. எறிந்தால் மண்ணோடு போகும். வெக்கைக்கு உருகாது, ஈரத்துக்கு மட்டும் கசியும், அதற்கு இறுக்கமான பெட்டி போதும். கருப்பநீரைக் காய்ச்சி இறக்கும்போது வரும் அந்தக் கரிய வாசம், கடைசியில் நாக்கில் நிற்கும் மெல்லிய உப்பு, இவற்றுக்குப் பக்கத்தில் எந்தப் பால்ச் சொக்லேட்டையும் வைக்க என்னால் முடியாது. டிஸ்னிலாண்ட் கட்டி வாயில் முடிந்ததும் முடிந்தது. பனங்கட்டியை ஒரு ஓரம் கடித்து வைத்து ஒரு கோப்பைத் தேத்தண்ணி முழுவதும் குடிக்கலாம்.

பனாட்டும் அப்படித்தான். பனம்பழம் விழும் காலமும் நல்லூர்த் திருவிழாக் காலமும் ஒன்றை ஒன்று தொட்டு வரும். பழத்தைப் பிசைந்து களியெடுத்து, பாயில் படை படையாக ஊற்றி, ஒவ்வொரு படையும் காய்ந்த பிறகு அடுத்ததை ஊற்றிக் காயவைத்த பண்டம். மாதக்கணக்கில் இருக்கும். பாணியில் ஊறவைத்தால் இன்னும் நாள் தாங்கும். தம்பி திரும்பிப் போகும்போது வேலையிடத்துக்கு எதைக் கொண்டுபோவது என்று கேட்டான். அங்கே கொடுக்கிறவன் அவன்தானே. கடையில் பனாட்டு பெரிய துண்டாகவே கிடைத்தது. அதை இத்தனை பேருக்கு எப்படிப் பங்கு போடுவது? வீட்டில் இருந்து சின்னத் துண்டுகளாக வெட்டி, மெழுகுத் தாளில் சுற்றி, ஓலைப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தோம். பெரியம்மா ஒவ்வொரு பொதியையும் நூலால் கட்டினா. குட்டானும் சேர்த்து வைத்தோம். போன பிறகு எடுத்துச் சொன்னான்: குட்டானை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, இந்தப் பின்னலைக் கையாலா செய்தார்கள் என்று எல்லோரும் கேட்டார்களாம். ஒருவர் ஓலையை எறியாமல் மேசையில் வைத்திருக்கிறாராம். பனாட்டு இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டதாம்: பிடித்தவர்கள் மேலும் கேட்டார்கள், மற்றவர்கள் அந்த மணத்தோடு மல்லுக்கட்டினார்கள். எதிர்பார்த்ததுதான்.

பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது. ஆராய்ச்சி நிலையம் கைதடியில். பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு எல்லாம் பட்டினத்தில் வாங்கலாம். நான் கேட்பது ஒரு சின்ன விடயம். ஒரு கடி அளவுப் பனாட்டு, ஒவ்வொன்றும் தனியாக ஓலையிலோ தாளிலோ சுற்றியது. அலுவலகத்துக்குப் போதுமான அளவு அடங்கிய ஒரு பெட்டி. மூடியில் நல்லூர்க் கோபுரம், அந்த வருடம். உள்ளே என்ன இருக்கிறது, எப்போது செய்தது, எதுவரை நல்லது என்று மூன்று மொழியில். திருவிழா 25 நாளும் கச்சான் கடை வரிசையில் இப்படியொரு கடை இருந்தால், ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் திரும்பிப் போகிறவர்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள் என்று நான் முழுதாக நம்புகிறேன். மிளகாய்த்தூளுக்கும் ஒடியல்மாவுக்கும் நடுவில் சூட்கேஸில் அதற்கு இடமிருக்கும். அதைச் செய்யக்கூடிய கைகள் எங்கள் கிராமங்களில் இருக்கின்றன. குட்டான் பின்னும் அம்மாக்களின் விரல் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

யப்பானிலிருந்து யாராவது வருகிறார்கள், என்ன வாங்கிவர என்று கேட்கிறார்கள் என்றால் நான் சொல்வது இது. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை வருகிறவரிடம் வெறும் சொக்லேட் கேட்காதீர்கள். கிரஞ்ச் என்றால் வரலாம். இல்லையென்றால் பிஸ்கற் பேணி கேளுங்கள், அதற்கு வெக்கை பெரிதில்லை. மார்கழி, தை என்றால் எதுவும் சரி. பேணியைக் கையில் கொண்டுவரும் பையில் வைக்கச் சொல்லுங்கள், வானின் பின்பக்கம் போடும் சூட்கேஸில் வேண்டாம். அப்புறம், விரதக்காரர் வீட்டில் இருந்தால் வாங்கும்போதே பெட்டியின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முட்டை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துச் சொல்லிவிடலாம்.